இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

மகனுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற வேலையை முதலில் முடித்துவிடலாம். இங்கே எருத்தேன்பதியில் மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது. முட்டிவலி போன மாதம் எப்படியோ அப்படியே. பெங்களூரில் நீ நன்றாகத்தான் இருப்பாய். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான், எழுத்து கோணிக்கொண்டு போகும், பொறுமையாகப் படி. உறையில் ஒட்டி உனக்கு மட்டும் அனுப்புகிற கடிதம் இது என்று நினைத்துக்கொள்ளாதே. என் கதையை எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் விளையாடக் கொடுக்கப் போகிறாய் அல்லவா, இந்தக் கடிதத்தையும் ஊர் படிக்கட்டும். எங்கே போட்டால் நாலு பேர் படிப்பார்களோ அங்கே போடும்படி உன் மகளிடமே சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய சம்மதப் பத்திரம் வந்தது. என் கதையையும் குரலையும் உன் கேமில் வைத்துக்கொள்ள நான் ஒப்புப் போட வேண்டும், அது இல்லாமல் அடுத்த மாதம் வெளியிட முடியாது என்று நீ போனில் சொன்னாய். படித்துப் பார்த்தேன். கீழே இரண்டு கட்டம் போட்டிருக்கிறாய். ஒன்றில், என் பெயரையும் போட்டு என் கதையைப் பயன்படுத்தலாம். இன்னொன்றில், என் பெயரைப் போடாமல் என் கதையைப் பயன்படுத்தலாம். எது பிடிக்கிறதோ அதில் குறி போடும்மா, முழுக்க உன் இஷ்டம் என்று மேலே பென்சிலில் வேறு எழுதியிருக்கிறாய். பயன்படுத்தவே கூடாது என்கிறவள் எங்கே குறி போடுவது? அதற்குக் கட்டம் இல்லை. நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய். உனக்குக் கை அப்படிப் பழகிவிட்டது, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன பொங்கலுக்கு வந்து மூன்று நாள் என் எதிரே போனை வைத்துக்கொண்டு, "சொல்லும்மா, சொல்லும்மா" என்று நீ கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. உங்கப்பா கேட்டதில்லை. நீ கேட்கிறாயே என்று, மறந்துவிட்டதாக நான் நடித்துக்கொண்டிருந்ததையெல்லாம் சொன்னேன். அதை வைத்து நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையை போனில் ஆடுகிற கேமாகச் செய்யப் போகிறேன் என்றாய். அவள் என்ன செய்ய வேண்டும் என்று ஆடுகிறவர்களே முடிவு செய்வார்கள் என்றாய். நல்லது என்றேன். போன வாரம் லீவுக்கு வந்த உன் மகள், இன்னும் வெளியே வராத கேம், அப்பா எனக்கு மட்டும் கொடுத்தார் என்று காட்டினாள். கோழிக்கூட்டுப் பக்கம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா எதையும் பாராட்ட மாட்டாள் என்பாய். நிலக்கடலைக் காட்டு வெயிலை நீ போட்டிருக்கிற விதம் சரி. எங்கள் செவலைப் பசுவின் ஒற்றைக் கொம்பு மடங்கியிருந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதை மறக்காமல் மடக்கியிருக்கிறாய். ஆனால் பாலக்காட்டு எல்லையில் இருக்கிற நம் வறண்ட ஊருக்குப் பின்னால் காயலும் ஓடமும் எதற்கடா? கேரளம் என்றால் உன் ஆபீஸ்காரர்களுக்கு ஓடம்தான் தெரியும் போலிருக்கிறது. எருத்தேன்பதியில் ஓடம் விட வேண்டுமென்றால் பனைமரத்துக்குப் பனைமரம் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். என் அம்மாவுக்கு நீலச் சேலை கட்டிவிட்டிருக்கிறாய். அவள் உயிரோடு இருந்தவரை நீலம் கட்டியதில்லை. இதெல்லாம் சின்னக் குறை. கோபம் இதற்கில்லை.

கேமில் நான் சின்னப் பெண்ணாக நிற்கிறேன். கீழே இரண்டு கட்டம் வருகிறது. பள்ளிக்கூடம் போகவா, மாடு மேய்க்கப் போகவா? உன் மகள், "நீங்களே தொடுங்க ஆத்தா" என்றாள். என் விரலில் காய்ப்பு ஏறிக் கிடக்கிறது, தொட்டால் அந்தக் கண்ணாடி ஏற்கமாட்டேன் என்கிறது. கடைசியில் விரல் முட்டியால் தட்டிப் பள்ளிக்கூடத்தைத் தொட்டேன். பெண் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறாள். நன்றாகப் பார்க்கப் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்து வாசலில் ஆள் வந்து, உன் அம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, வீட்டுக்கு வா என்கிறார். அடுத்த படத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறேன். உன் மகள் சிரித்தாள். "ஆத்தா, நான் முதல்லயே மாட்டைத் தொட்டுப் பாத்துட்டேன். அதுலயும் இதே மாடு, இதே பாட்டுதான். நீங்க எதைத் தொட்டாலும் மாடுதான்" என்றாள். அதற்கு எதற்கு அம்முணி கேக்கணும் என்றேன். "கேட்டாத்தான் நம்ம கதை மாதிரி இருக்குமாம் ஆத்தா. அப்பா சொன்னாங்க" என்றாள்.

பிறகு கோயில் வந்தது. தட்டில் இரண்டு பொட்டலம். அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்யாணம், நிலம், பிரயாணம் என்று எதையும் முடிவு செய்யும் முன் நம் ஆட்கள் அம்மனிடம் பூக் கேட்பது உனக்கும் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. இலையில் மடித்து நாரால் கட்டி, எதில் எது என்று தெரியாமல் சந்நிதியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். கேமில் இடது பொட்டலமா, வலது பொட்டலமா என்று கேட்டது. இடதைத் தட்டினேன். வெள்ளை. மேளம் கொட்டியது, கல்யாணம். உன் மகளைத் திரும்பக் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி வலதைத் தட்டினேன். வெள்ளை. அதே மேளம். மூன்றாவது தடவை, ஒன்றை எடுத்த பிறகு தட்டில் மிச்சம் கிடக்கிற பொட்டலத்தைத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பத் தட்டினேன். பதினோரு தடவை தட்டினேன். "ஆத்தா, அது சும்மா படம். அது தொறக்காது" என்றாள் உன் மகள்.

அது திறக்கும். நான் திறந்தேன். அதை உனக்கு நான் சொன்னேன். அதே கட்டிலில், பொங்கலுக்கு நீ வந்த இரண்டாவது நாள் மத்தியானம், நீ என் எதிரே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தபோது சொன்னேன். கேட்டுவிட்டு நீ, "சூப்பர்ம்மா" என்றாய்.

படிக்கிற மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது. என் தாய்மாமன் பெண்டாட்டியை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு நின்றார். என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். என் அம்மா தம்பிக்காக அழுதுகொண்டே இருந்தாள். மாட்டேன் என்று நான் சொன்னேன். உடனே யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. என் அப்பா ரொம்ப நல்லவராக, "உன்ற இஷ்டத்துக்கு விட்டுட்டேன் சாமி. அம்மங்கிட்டப் பூக் கேப்போம். நீயே உன்ற கையால எடு. செவப்பு வந்தா இந்தப் பேச்சே ஊட்டுல கெடையாது" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் கையால். கோயிலில் சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்க நின்றது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை. அத்தைமார் குலவை போட்டார்கள். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை, எட்டி அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துவிட்டேன். பூசாரி பதறிப்போய், "அம்முணி, ரெண்டாவதப் பிரிக்கற பழக்கம் கெடையாதுங்க" என்றார். "இல்லாட்டி இன்னைக்குப் பழகிக்குவோமுங்க" என்று நாரை அறுத்தேன். அதிலும் வெள்ளை நந்தியாவட்டை. வாடக்கூட இல்லை. இரண்டும் ஒரே செடிப் பூ.

என் அப்பா அங்கேயே, அம்மன் எதிரே, என்னை அறைந்தார். பொட்டலம் கட்டியவர் அவர். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு நான் கொடுத்ததையும் உனக்குச் சொன்னேன். இரண்டு வருடம் என் அம்மா என்னோடு பேசவில்லை. சாமி காரியத்தில் கை வைத்தவள் என்று பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. மாமன் என் அம்மா செத்ததற்கு வந்து ரோட்டிலேயே நின்று, நான் வெளியே வருவதைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குலவை போட்ட அத்தைகளில் மூத்தவள் சாகும்வரை என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் போகிறது, நானும் கடைசிவரை கொடுக்கவில்லை. உங்கப்பாவுக்கும் அதற்குள் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது, அதனால்தான் என்னைக் கேட்டு வந்தார்கள். அவரும் பெரிய மகாராஜா இல்லை, வாரத்தில் இரண்டு நாள் கள்ளுக்கடைக்குப் போனால்தான் அவருக்கு வாரம் முடியும். இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொன்ன வாழ்க்கை ஒன்று இருந்தது, அதை நான் வாழவில்லை. என் எழுபத்திரண்டு வயதில் எனக்கென்று நான் செய்துகொண்டது அந்த ஒன்றுதான். அதைத்தான் நீ எடுத்துவிட்டாய்.

போனில் உன்னைக் கேட்டேன். நீ பொறுமையாகத்தான் பதில் சொன்னாய், அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவில்லை. "அம்மா, ரெண்டாவது பொட்டலத்தைத் தொறந்தா கதை அங்கயே வேற பக்கம் போயிரும். அந்தப் பக்கம் ஊடு, ஆளு, பாட்டு எல்லாம் புதுசாச் செய்யணும். யாரும் அப்படிச் செய்யறதில்ல. எத்தனை வழி வெச்சாலும் எல்லாம் ஒரே எடத்துல வந்து சேரற மாதிரி வெக்கறதுதான் எங்க வேலை" என்றாய். அப்படியானால் எதற்கடா கட்டம் போட்டுக் கேட்கிறாய் என்றேன். "வழி நெசமா இருக்கோணும்னு இல்லம்மா. நாமதான் முடிவு பண்றோம்னு ஆடறவங்களுக்குத் தோணுனாப் போதும்" என்றாய். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாய், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "உங்க காலத்துப் பொம்பளைகளுக்கு வழியே இல்லைங்கறதத்தானே நான் காட்டறேன். ஆடிப் பாத்தவங்கல்லாம் அழுதாங்க தெரியுமா?"

அழட்டும். அழுதவர்கள் யாரை நினைத்து அழுதார்கள்? வழியே இல்லாத ஒரு பாவப்பட்ட பெண்ணை நினைத்து. அவள் நான் இல்லை. உன் கேமில் அம்மன் வெள்ளைப் பூக் கொடுக்கிறாள், பெண் தலைவிதியே என்று போகிறாள். இரண்டிலும் வெள்ளை வைத்தது யார் என்று உன் கேம் ஆடுகிற ஒருவருக்கும் தெரியாது. என் அப்பா தப்பித்தார், மாமன் தப்பித்தார், குலவை போட்டவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள். விதி என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். அது மட்டுமா? இப்போது பொட்டலம் கட்டி வைத்திருப்பவன் நீ. என் அப்பா ஒரு பெண்ணுக்குத்தான் அதைச் செய்தார். நீ உன் கேமைத் தொடுகிற அத்தனை பேருக்கும் செய்கிறாய். அவராவது பிடிபட்டார்.

உன் மகள் இன்னொன்றும் காட்டினாள். ஏதோ கூட்டத்தில் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த வித்தையை என் அம்மாவிடம்தான் கற்றேன் என்கிறாய். குளிக்காமல் ஓடுகிற பையனிடம், குளிச்சுட்டுச் சாப்படறயா, சாப்டுட்டுக் குளிக்கறயா என்று அம்மா கேட்பாள், நானும் பெரிதாக யோசித்து ஒன்றைச் சொல்லுவேன் என்கிறாய். எல்லோரும் சிரிக்கிறார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையைக் குளிக்க வைப்பதும் பதினேழு வயதுப் பெண்ணைத் தள்ளிவிடுவதும் ஒன்றாடா என்று உன்னிடம் சண்டை போட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இந்த வித்தையை நான் ஐந்து வயதுப் பிள்ளையோடு நிறுத்தவில்லை. இனி எழுதப் போவதை உனக்கு நான் சொன்னதில்லை. பொங்கலுக்கு அந்த மூன்று நாளும் நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை.

உன் அக்கா சரசுவின் கல்யாணத்துக்கும் பூக் கேட்டோம், ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது ஹாஸ்டல் லீவு. அவள் சித்தூர் காலேஜில் டிகிரி முடித்து, பாலக்காட்டில் டீச்சர் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து இந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "ரெண்டு வருசம் போகட்டும்மா, படிச்சர்றேன்" என்றாள். நல்ல இடம், விட்டால் வராது என்று உங்கப்பாவுக்குப் பயம். எனக்கு அவரைவிடப் பயம். பெண் கேட்டு யாரும் வராத இரண்டு வருடத்தை நான் இருந்து பார்த்தவள், அது என் மகளுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். இப்படிச் சொன்னால் நியாயம் மாதிரி இருக்கிறது. நியாயம் இல்லை. நான்தான் அவளிடம், "உன்ற இஷ்டம் கண்ணு, அம்மங்கிட்டக் கேட்டுப் போடலாம், நீயே எடு" என்றேன். என் அப்பாவின் வார்த்தை அப்படியே என் வாயில் வந்தது. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, நானே நந்தியாவட்டையை இரண்டாகப் பிரித்து இரண்டு பொட்டலத்திலும் வைத்துக் கட்டினேன். பறித்து வைத்திருந்த செவ்வரளியை மாட்டுக்காடித் தீவனத்தில் போட்டு, உடனே பயந்துபோய், மாட்டுக்கு ஆகாது என்று திரும்பப் பொறுக்கினேன். மாட்டைப் பற்றி அந்த யோசனை வந்தது எனக்கு.

சரசு எடுத்தாள். வெள்ளை. தட்டில் மிச்சம் இருந்த பொட்டலத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இவள் எட்டிவிடுவாளோ என்று நான் முந்திக்கொண்டு அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையுமே கேட்டதில்லை. நீயும் பார்த்திருக்கிறாய். அவளைச் சேலைக்கடைக்குக் கூட்டிப்போனால் கடைக்காரர் நாற்பது சேலையை விரித்துப் போடுவார், "எதுன்னாலும் சரிங்க" என்பாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்றால், "எதுன்னாலும் சரிங்க." மாப்பிள்ளை கெட்டவர் இல்லை, அடிப்பதில்லை, குடிப்பதில்லை. ஒரு தடவை எங்கேயோ பேச்சு வந்தபோது, "என்ற கை எடுத்த பூவும்மா, யாரைச் சொல்லி என்ன" என்றாள். என் தலையில் கொதிநீரை ஊற்றியது போல இருந்தது. படிக்க விட மாட்டேன் போடி என்று அடித்துக் கட்டிவைத்திருந்தால்கூட, அவள் என்னைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பாள். நான் அவள் கையை வைத்தே அவளைக் கட்டினேன். இத்தனை வருடமாக அவள் தன் கையை நொந்துகொண்டிருக்கிறாள்.

உன் கேமில் அந்தப் பொட்டலம் திறக்காத அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் காலை பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறை போனேன். சரசு கொல்லையில் தேங்காய் உடைத்து வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"சரசு, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான். நாந்தான் கட்டுனேன்."

அவள் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இரண்டு தேங்காய் உடைத்தாள். தண்ணீரைச் சொம்பில் பிடித்தாள். பிறகு, என் பழைய கதையை ஊர் வாயில் கேட்டிருந்தவள், என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"உனக்கு உங்கப்பாரு பண்ணுனதையேவா?"

"ஆமா."

"நா அன்னைக்கு அந்த இன்னொன்னைப் பிரிச்சிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

என்ன சொல்லட்டும்? பெருமைப்பட்டிருப்பேன், என் மகளல்லவா என்று கட்டிப்பிடித்திருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. பொய். "அறைஞ்சிருப்பேன்" என்றேன். "சாமிகிட்ட வெளையாடறயான்னு கேட்டு அறைஞ்சிருப்பேன்."

"அத்தனை பேரு முன்னாடியா?"

"அத்தனை பேரு முன்னாடிதான்."

அவள் தலையை ஆட்டினாள். கோபமா, வேறு என்னவோ, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. நான் பெற்ற முகம், படிக்கத் தெரியவில்லை. "அடி வாங்கியிருப்பேன்" என்றாள். "வாங்கீட்டுப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறியிருப்பேன்." அவ்வளவுதான் சொன்னாள். நான் தென்னை மட்டைமேல் உட்காரப் போனேன். பழக்கத்தில், "சரி சாமி, நா இருந்து மத்தியானம் சோறாக்கட்டுமா, இல்ல சாயங்காலம் மாப்ள வந்ததும் பேசீட்டுப் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பார்த்தேன், அதிலும் இரண்டு கட்டம், இரண்டிலும் நான் அங்கேயே இருக்கிறேன்.

சரசு சொம்பைக் கீழே வைத்தாள். "ரெண்டும் வேண்டாம்மா. நீ இன்னைக்கு இங்க இருக்க வேண்டாம். கெளம்பு" என்றாள். நான் எழுந்தேன். என்னைப் பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை. வாசல் கேட் வரைக்கும்கூட வரவில்லை. வழியெல்லாம் எனக்கு அழுகை. அவள் போகச் சொன்னதற்கு மட்டும் வந்த அழுகை இல்லை. அவள் இதுதான் வேண்டும், இது வேண்டாம் என்று சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், அதற்கும் சேர்த்துத்தான். இப்படி அழுகிறதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று என்மேலேயே கோபமும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "ஏனுங்கம்மா, மேலுக்குச் சொகமில்லைங்களா?" என்றாள். "சொகமாத்தான் இருக்கறனுங்க" என்றேன்.

இனிக் கேள். உன் கேமில் நூறு வழி வைக்கச் சொல்லவில்லை. அத்தனையும் செய்து மாளாது என்கிறாயே, ஒத்துக்கொள்கிறேன். நான் வாழ்ந்ததும் நூறு வழி வைத்த வாழ்க்கை இல்லை. பள்ளிக்கூடத்தைத் தொட்டாலும் மாடுதான் என்பது உண்மை, அது அப்படித்தான் நடந்தது, அதை வைத்துக்கொள். ஆனால் அதற்கு முன்னால் கட்டம் போட்டுக் கேட்காதே. வழி இல்லாத இடத்தில் இருக்கிறது என்று கேட்காதே. இருந்த இடத்தில் மட்டும் வை. அந்தத் தட்டில் கிடக்கிற பொட்டலம் திறக்க வேண்டும். திற என்று நீ கட்டம் போட்டுக் காட்டக்கூடாது, எனக்கு யாரும் காட்டவில்லை. தட்டுகிறவளுக்குத் திறக்கட்டும், தட்டாதவள் மேளத்தோடு போகட்டும். திறந்தவளை அவள் அப்பன் அறையட்டும். அவள் அம்மா இரண்டு வருடம் பேசாமல் இருக்கட்டும். மகாராணி ஆகிவிட்டாள் என்று மட்டும் காட்டிவிடாதே, அது இன்னொரு பொய். ஆனால் எக்காரணத்தைக் கொண்டும் அவளை அந்த மேளத்துக்குத் திரும்பக் கூட்டிவராதே. ஊடும் ஆளும் பாட்டும் புதுசாகச் செய்ய வேண்டும் என்றாயே, செய். நானும் புதுசாகத்தான் செய்தேன்.

உன் ஆபீசில் பெரியவர் ஒருவர், உங்க அம்மா கதை ரொம்ப அழகு, அப்படியே விட்டுடுங்க என்றாராமே. அவரிடம் சொல், அவருடைய அம்மாவைப் போய் மூன்று நாள் உட்கார்ந்து கேட்கச் சொல். இரண்டாவது நாள் மத்தியானம் கடலை தின்னாமல் கேட்கச் சொல்.

பத்திரத்தில் ஒப்புப் போடவில்லை. நீ அழுதாலும் போட மாட்டேன், நேரில் வந்து காலைப் பிடித்தாலும் போட மாட்டேன். பொங்கலிலிருந்து என் பிள்ளை உழைத்தது நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போட மாட்டேன். இரண்டு கட்டத்துக்கும் கீழே நானே பேனாவால் மூன்றாவதாக ஒன்று போட்டு, அந்தப் பொட்டலம் திறக்கிற வரைக்கும் என் குரல் கிடையாது என்று எழுதி, அதில்தான் குறி போட்டு அனுப்பியிருக்கிறேன். அதைத் திறக்கிற மாதிரிச் செய்துகொண்டு வா. வந்து, என் கையில் போனைக் கொடுத்துவிட்டு நீ எழுந்து வெளியே போ. நானே தட்டிப் பார்க்கிறேன். பிறகு ஒப்பைப் பற்றிப் பேசலாம்.

அக்காவுக்கு நீ போன் போட்டு அம்மாவிடம் பேசு என்று சமாதானம் சொல்லாதே. ஒன்பது நாளாயிற்று, கூப்பிடவில்லை. நானும் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடுவாளா, இனி இந்த வாசலையே மிதிக்க மாட்டாளா, எனக்குத் தெரியாது. அதை அவள் முடிவு செய்யட்டும்.

உன் அம்மா.